கேள்வி – பதில்: கடன் துண்டு எழுதிய அமெரிக்கா

அமெரிக்க மிஷனார் 1816 ஆம் ஆண்டில் தெல்லிப்பழையில் காலூன்றிய காலந்தொட்டு அந்நாட்டாரைப் பாதிரிமாராகவும் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் யாழ்ப்பாணத்தார் அறிவர். கடைக்காரராகவும் அயலவராகவும் அறிந்தவர் குறைவு. 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சிறுபட்டினங்களில் அன்றாடச் சீவியம் எவ்வாறிருந்தது என்று சென்ற இதழில் கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு நாலைந்து வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று பல கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்மாதம் மற்றைய கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த ஒரு விடயத்துக்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி (சுன்னாகம்): ஐயா, என் தகப்பனார் சந்தைக்கு அருகில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய கடன் கொப்பியில் ஊரில் பாதிப் பேரின் கணக்கு இருந்தது. காசு புழங்கும் தேசமாகிய அமெரிக்காவில் கடைக்காரர்கள் இப்படிக் கடனுக்குச் சாமான் கொடுத்ததுண்டா?

பதில்: தாராளமாகக் கொடுத்தார்கள். அங்கேயுள்ள சிறுபட்டினக் கடைகள் பல தலைமுறைகளாகக் கடனிலேயே ஓடின. அடமானமோ கையெழுத்தோ கேளாமல், குடும்பத்தைத் தெரியும் என்ற ஒன்றையே பிணையாகக் கொண்டு கடைக்காரர் சாமான் கொடுப்பார். ஆலைத் தொழிலாளி சம்பள நாளிலும், கோதுமையோ பருத்தியோ செய்பவர் விளைச்சலை விற்ற பின்பும் கணக்குத் தீர்ப்பார். புகையிலை விற்ற காசில் கடைக்கடன் தீர்த்த நம்மவர்க்கு இது புதினமன்று.

அக்காலக் கடையில் வாடிக்கையாளர் தட்டுகளிலே கைவைக்க முடியாது. நீண்ட மேசைக்கு இப்பால் நின்று அவர் பட்டியலைச் சொல்ல, அப்பால் நிற்கும் சிப்பந்தி ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைப்பார். உயரத்தில் இருக்கும் பேணிகளை நுனியில் கவ்வி பொருத்திய நீண்ட தடியால் இறக்குவார். எல்லாம் சேர்ந்ததும், இடையில் கார்பன் தாள் வைத்த சிறிய புத்தகத்தில் துண்டு எழுதப்படும். ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, மற்றது கடைக்கு. கடைப் பிரதியை வைப்பதற்குக் காசு லாச்சியின் அருகில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் இரும்புத் தட்டுகளை ஏடு புரட்டுவதுபோலப் புரட்டலாம். ஒவ்வொரு தட்டிலும் வில்லுக் கவ்விகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு கவ்வியும் ஒரு குடும்பத்துக்கு உரியது. புதுத் துண்டு எழுதும்போது பழைய பாக்கியை முதலில் எழுதி, அன்றைய சாமானின் விலையைக் கூட்டி, மொத்தத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். கடைசித் துண்டைப் பார்த்தால் முழுக் கடனும் தெரியும். பேரேட்டைத் தூக்கிப் புரட்ட வேண்டிய தேவை இல்லை. இந்தப் பெட்டிகளைச் செய்து விற்பதற்கென்றே கம்பனிகள் இருந்தன என்பதிலிருந்து, கடன் எவ்வளவு பரவியிருந்தது என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

கடனுக்கென்று தனியாக வட்டி எழுதப்படுவது அரிது. அது விலையிலே ஏறியிருந்தது. கடன் வாங்காதவரும் அந்த விலையையே கொடுத்தார். இந்த இடத்திலேதான் சங்கிலிக் கடைகள் நுழைந்தன. ஏ அண்ட் பி என்ற நிறுவனம் 1912 இல் கடனும் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை, விலை மட்டும் குறைவு என்ற ஏற்பாட்டில் சிறு கடைகளைத் திறக்கத் தொடங்கியது. 1916 இல் மெம்பிஸ் நகரில் கிளறன்ஸ் சோண்டேர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரையே தட்டுகளிடையே நடந்து சாமானை எடுக்கவிட்டார். 1930 இல் மைக்கல் கலன் நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் திறந்த கிங் கலன் கடையோடு சுப்பர் மார்க்கட் பிறந்தது எனலாம். கூடை கனத்தால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்ட சில்வன் கோல்ட்மன் என்ற ஒக்லஹோமா நகரக் கடைக்காரர், 1937 இல் சில்லுப் பூட்டிய தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். இவ்வளவும் நடந்த பிறகும் 1950 ஆம் ஆண்டளவில் பல பட்டினங்களில் கடன் கடை இருந்துகொண்டுதான் இருந்தது. சம்பளம் வந்த கையோடு சுப்பர் மார்க்கட்டில் காசுக்கு வாங்கிவிட்டு, காசு முடிந்ததும் தெருமூலைக் கடைக்குத் துண்டெழுதப் போன குடும்பங்கள் அநேகம். அதனால் நட்டப்பட்டவர் யார் என்பதைக் கடைக்காரரின் பிள்ளையாகிய தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடனை இன்று பலர் அன்பின் அடையாளமாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கடன் நிலுவையிலுள்ள குடும்பம், எதிர்க்கடையில் விலை மலிந்தாலும் அங்கே போக முடியாது. போனால் ஊர் பார்க்கும். எந்த வீட்டில் இறைச்சி குறைந்தது, எந்த வீட்டில் மருந்து கூடியது என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். மறுபுறத்தில், 1930களின் பொருளாதார மந்தத்திலே ஊரையே தாங்கப் புறப்பட்டு, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் காசில்லாமல் கடையை மூடிய முதலாளிகளும் மெத்தப் பேர்.

கேள்வி (வட்டுக்கோட்டை): அமெரிக்காவில் மருந்துக் கடையில் ஐஸ்கிறீமும் சோடாவும் விற்றார்களாம். நோயாளியும் ஐஸ்கிறீம் தின்னும் பிள்ளையும் ஒரே கடைக்குப் போவதா? நம்பமுடியவில்லை. என்ன விலைக்கு விற்றார்கள்?

பதில்: நம்பலாம். ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமாக இருந்தது; வாயு ஏற்றிய நீரைச் செயற்கையாகச் செய்யும் கைத்திறன் மருந்து கலப்பவரிடம் இருந்தது; கசப்பு மருந்தை மறைக்கும் பாகுகளும் அவரிடமே இருந்தன. மூன்றும் ஒரே மேசையில் சேர்ந்தபோது சோடாக் கடை உண்டாயிற்று. டொக்டர் பெப்பர் என்ற பானம் 1885 இல் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரிலே ஒரு மருந்துக் கடையில் பிறந்தது. அடுத்த ஆண்டில் அற்லாண்டாவைச் சேர்ந்த மருந்தாளர் ஜோன் பெம்பேர்ட்டன் கொக்கா கோலாவின் பாகைக் கலந்தார். அதுவும் முதலில் மருந்துக் கடையிலேயே குவளை 5 சதத்துக்கு விற்கப்பட்டது. 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு இருந்தபடியால், சாராயக் கடையில் கூடியிருந்தவர்களில் ஒரு பகுதியினரும் சோடா மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மேசை பெரும்பாலும் மாபிளாலானது. முன்னால் சுழலும் முக்காலிகள் நிலத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த குழாயின் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஊசி போன்ற வேகமான தாரையும், மறு பக்கம் இழுத்தால் பரந்த மெதுவான நீரும் வரும். ஐஸ்கிறீம் சோடா கேட்டால், உயரமான குவளையின் அடியில் பாகை ஊற்றி, சிறிது பாலாடை சேர்த்து, மெதுவான நீரால் முக்கால் பங்கு நிரப்பி, ஐஸ்கிறீம் உருண்டையை விளிம்பிலே குத்தி, கடைசியில் வேகத் தாரையை ஒரு கணம் விட்டு நுரை எழுப்புவார்கள். தாரை ஒரு கணம் கூடினால் நுரை வழிந்து மேசையைத் துடைக்க வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களே இந்த வேலையைச் செய்தார்கள்.

விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொக்கா கோலாவின் 5 சத விலை எழுபது ஆண்டுக்கும் மேலாக மாறாமல் இருந்து, 1950களின் முடிவிலேதான் அடியோடு மறைந்தது. 1950 இல் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 75 சதம். ஆனால் சிறு கடைச் சிப்பந்திகளை அந்தச் சட்டம் பெரும்பாலும் தொடவில்லை. அன்றைய நாணய மாற்றில் ஒரு டொலர் ஏறக்குறைய 4 ரூபா 76 சதம் ஆகையால், அவர்களுடைய 5 சதம் நம்முடைய 24 சதத்துக்குச் சமம்.

வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும், கடைகளில் போத்தல் பானமும் பெருகியபோது அந்த மேசை முதலாளிக்கு வெறும் இடச்செலவாயிற்று. மேசையைக் கழற்றிவிட்டு அங்கே சவர்க்காரமும் பற்பசையும் அடுக்கினால் லாபம் கூட என்பது கணக்குப் பார்த்தவருக்கு விளங்கியது. நமது கூல்பாரிலே மருந்து இல்லை என்பதைத் தவிர, மற்றப்படி இரண்டும் ஒரே வகைக் கூடுமிடங்கள்தான்.

கேள்வி (கோப்பாய்): அங்கே அயலவர்கள் பல வீட்டாருக்கு ஒரே தொலைபேசிக் கம்பியைப் பாவித்தார்கள் என்று அறிந்தேன். ஒருவர் கதைப்பதை மற்றவர் கேட்டுவிட மாட்டாரா?

பதில்: கேட்பார், அம்மா, கேட்டார்கள். கம்பி இழுக்கும் செலவைக் குறைப்பதற்காகச் சிறுபட்டினங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் பல வீடுகளை ஒரே கம்பியில் இணைத்தார்கள். கிராமக் கம்பிகளில் யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நெடிலும் ஒரு குறிலும் ஒரு வீட்டுக்கு, ஒரு நெடிலும் மூன்று குறிலும் இன்னொரு வீட்டுக்கு என்று அடையாளம் வைத்திருந்தார்கள். அயல் வீட்டுக்கு மணி அடித்ததும் சத்தமில்லாமல் தூக்கிக் கேட்பது ஊரறிந்த பழக்கம். பழைய வகைக் கருவிகளில் ஒவ்வொருவராகத் தூக்கத் தூக்கக் கம்பியிலுள்ள மின்னோட்டம் பங்கிடப்பட்டுக் குரல் மங்கிவிடும். ஆகவே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் கதைப்பவர் குரலின் மங்கலிலிருந்தே மட்டுக்கட்டி, “தயவுசெய்து வைத்துவிடுங்கள், எனக்கு விளங்கவில்லை” என்று கம்பியிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல பக்கமும் உண்டு. நிறுத்தாமல் நீட்டி ஒரு மணி அடித்தால் எங்கோ தீப்பிடித்தது என்று பொருள். எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் எடுத்து இடத்தை அறிந்து வாளிகளோடு ஓடுவார்கள். இணைப்பகத்தில் இருக்கும் பெண்ணுக்கு வைத்தியர் இப்போது எந்த வீட்டில் நோயாளியைப் பார்க்கிறார் என்பது தெரியும். வைத்தியர் வீட்டை அழைத்தவரை நேரே அங்கேயே தொடுத்துவிடுவார். அவசரம் என்று கேட்டவருக்குக் கம்பியை விட்டுக்கொடுக்க மறுப்பதைப் பல மாநிலங்கள் குற்றமாக்கின. கையால் சுழற்றி அழைக்கும் கருவிகள் மேய்ன் மாநிலத்தின் பிறையன்ட் பொன்ட் என்ற சிற்றூரில் 1983 வரை பாவனையில் இருந்தன.

கேள்வி (பருத்தித்துறை): நம்மூரில் மீன்காரரும் பால்காரரும் புடவை மூட்டைக்காரரும் படலைக்கு வருவதுபோல அங்கேயும் வந்தார்களா?

பதில்: பால்காரர் விடியப்புறத்தில் வருவார். முதல் நாள் இரவு வெறும் போத்தலை விறாந்தையில் வைத்து, அதன் கழுத்திலே தேவையை எழுதிய துண்டைச் செருகிவிட்டால், காலையில் நிறைந்த போத்தல் அங்கே இருக்கும். சில வீடுகளில் சுவரிலேயே உள்ளும் புறமும் கதவு வைத்த சிறு பெட்டி கட்டியிருந்தார்கள். 1963 இலும் பாவனையாளரில் ஏறத்தாழ 30 வீதத்தினருக்குப் பால் வீடு தேடியே வந்தது. 1975 இல் அது 7 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியும் கடதாசிப் பெட்டிப் பாலும் காரும் சேர்ந்து செய்த காரியம் அது. தபாற்காரர் குடியிருப்புத் தெருக்களுக்கு 1950 வரை நாளுக்கு இரு தடவை வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூரிகை விற்கும் ஃபுல்லர் கம்பனியின் ஆட்களும், அழகுசாதனம் விற்கும் ஏவன் கம்பனியின் பெண்களும் கதவைத் தட்டினார்கள். இவற்றுள் எனக்குச் சுவாரசியமானது டப்பர்வெயார் பிளாஸ்ரிக் பாத்திரத்தின் கதை. ஏர்ள் டப்பர் 1946 இல் அதைக் கடைகளில் வைத்தபோது விற்பனை மந்தமாயிருந்தது. மூடியை அழுத்தி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றும் விதம் வாங்குவோருக்குப் பிடிபடவில்லை. பிறவுனி வைஸ் என்ற பெண்மணி அயற்பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, செய்து காட்டி விற்றார். அது பிடித்துக்கொண்டதைக் கண்ட டப்பர், 1951 இல் கடை விற்பனையையே நிறுத்தி முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார். 1958 இல் அவரை வேலையைவிட்டு நீக்கியும் விட்டார். தேநீர் கொடுத்து அயலவரைக் கூட்டிய வீட்டுக்காரிக்கு ஒரு பரிசுப் பொருள் கிடைக்கும். வந்தவரோ ஒன்றும் வாங்காமல் எழும்பக் கூச்சப்படுவார். அயலுறவை விற்பனைக்குப் பயன்படுத்தும் இந்த முறை நம்மிடையே இன்று நடைபெறும் விதங்களை வாசகர்கள் அறிவார்கள்.

கேள்வி (நல்லூர்): காலமான என் பெரியப்பாவின் பெட்டகத்தில் அமெரிக்கப் பச்சை முத்திரைகள் ஒட்டிய மெல்லிய கொப்பி ஒன்று கிடைத்தது. தபால் முத்திரை போலத் தெரியவில்லை. பெறுமதி உண்டா?

பதில்: எஸ் அண்ட் எச் கம்பனியின் வியாபார முத்திரைகளாக இருக்க வேண்டும். ஸ்பெரி, ஹச்சின்சன் என்ற இருவர் 1896 இல் தொடங்கிய நிறுவனம் அது. கடையிலோ பெற்றோல் செட்டிலோ 10 சதத்துக்கு வாங்கினால் ஒரு முத்திரை இலவசம். கொப்பி நிரம்ப 1200 முத்திரைகள் வேண்டும். அதாவது 120 டொலருக்குச் சாமான் வாங்க வேண்டும். நிரம்பிய கொப்பிகளைக் கம்பனியின் பண்டசாலையில் கொடுத்து விளக்கு, போர்வை, தையல் இயந்திரம் என்று பெற்றுக்கொள்வார்கள். நாக்கால் நனைத்து ஒட்டுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. முத்திரையைக் கடைக்காரர் கம்பனியிடம் காசு கொடுத்தே வாங்கினார். அச்செலவு விற்பனையில் 2 வீதமளவு வந்தது. எதிர்க்கடை முத்திரை கொடுக்கத் தொடங்கினால் இவரும் கொடுக்க வேண்டும். இருவரும் கொடுத்தால் இருவருக்கும் லாபமில்லை, செலவு மட்டும் மிச்சம். 1970களில் விலைவாசி ஏறியபோது, முத்திரை வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று மக்கள் கேட்க, கடைகள் விட்டுவிட்டன. ஞாபகப் பொருள் என்பதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (கரவெட்டி): அயலன்பு, ஊர்க்கடை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தச் சோடா மேசையில் கறுப்பின மக்கள் இருந்து குடிக்க விடப்பட்டார்களா? அதையும் எழுதுங்கள்.

பதில்: தென் மாநிலங்களில் விடப்படவில்லை, வேறு பல இடங்களிலும் எழுதாத சட்டம் இருந்தது. இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வது சரியாகாது.

வுல்வேர்த் என்பது நாடெங்கும் கிளை பரப்பிய மலிவுவிலைக் கடை. அதன் முதற் கடைகள் 1879 இல் 5 சதப் பொருள்களோடு திறக்கப்பட்டன. நோர்த் கரோலைனா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரிலிருந்த கிளையில் கறுப்பினத்தவர் பற்பசை வாங்கலாம், கொப்பி வாங்கலாம். அவர்களுடைய காசை எல்லா மேசையிலும் வாங்குவார்கள். உணவு மேசையில் இருக்க மட்டும் முடியாது. 1960 பெப்ரவரி 1 ஆம் திகதி பிற்பகலில், அந்நகர்க் கல்லூரி மாணவர் நால்வர், எசெல் பிளெயர், பிராங்ளின் மக்கெய்ன், ஜோசப் மக்னீல், டேவிட் றிச்மண்ட் ஆகியோர், முதலில் மற்ற மேசையில் சிறு சாமான்கள் வாங்கிப் பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொண்டு, பின்பு உணவு மேசையில் போய் அமர்ந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழும்பாமல் இருந்தார்கள். மறுநாள் மேலும் பலர் வந்தார்கள். கிழமை முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். பிற நகரங்களுக்கும் அது பரவியது. வியாபாரம் படுத்துவிட்ட நிலையில், ஜூலை 25 ஆம் திகதி அக்கடை தன் மேசையை எல்லோருக்கும் திறந்தது. முதலில் அமர்ந்து உண்டவர்கள் அதே கடையில் வேலை செய்த கறுப்பினச் சிப்பந்திகள். நாடு முழுவதற்குமான சட்டம் 1964 ஜூலையிலேதான் வந்தது.

கடன் துண்டு விடயத்திலும் இதே கோடு ஓடியது. கடைக்காரர் எல்லோரையும் அறிந்திருப்பது சிலருக்குப் பிணை, சிலருக்கு விலங்கு. தெற்கிலே குத்தகைக்குப் பருத்தி செய்த கறுப்பினக் குடும்பங்கள் நிலச்சொந்தக்காரரின் கடையிலேயே கடனுக்கு வாங்கி, ஆண்டு முடிவில் அவர் சொன்ன கணக்கையே ஏற்க வேண்டியிருந்தது. இதனாலேயே சியேர்ஸ் போன்ற கம்பனிகளின் தபால் வியாபாரம் அவர்களுக்கு ஒரு விடுதலையாய் அமைந்தது. படிவத்தை நிரப்பிக் காசை அனுப்பினால், கடிதம் யாருடைய கையால் எழுதப்பட்டது என்று பார்க்காமல் பொதி வந்து சேரும்; வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடியும்வரை மேசையோரம் காத்து நிற்கத் தேவையில்லை. முகம் பாராத வியாபாரத்தைக் குறைகூறுவோர் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தாங்களே கடைத்தெருக்களை எழுப்பிக்கொண்டவர்களும் உண்டு. அற்லாண்டாவின் ஓபேர்ன் வீதியும், கறுப்பினத்தவரின் வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் இருந்த டேர்ஹம் நகரின் பரிஷ் வீதியும் பெயர்பெற்றவை. பிற்காலத்தில் பெருந்தெருக்கள் போடவும் நகரைத் திருத்தவும் என்று இடிக்கப்பட்ட பகுதிகளில் இத்தகைய தெருக்களே அதிகம் அகப்பட்டன.

கரவெட்டியிலிருந்து இக்கேள்வி வந்ததன் கருத்து எனக்கு விளங்காமல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வாங்கில் இடமில்லை, தனிப் பேணி அல்லது போத்தல் என்ற வழக்கம் இருந்தது. தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காக 1950களிலேயே இங்கு போராடினார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று உள்ளே விடும்படி கேட்க வேண்டியிருந்தது. ஊர் அறிந்த கடை என்று நாம் பெருமையோடு எழுதும்போது, அந்த ஊருக்குள் யாரைச் சேர்த்து எண்ணினோம் என்பதையும் எழுத வேண்டும் என்று தாங்கள் எதிர்பார்ப்பது நியாயமே.

கேள்வி (சாவகச்சேரி): ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறந்தனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பல மாநிலங்களில் சட்டமே தடுத்தது. அந்தச் சட்டங்கள் செல்லும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1961 இல் தீர்ப்பளித்தது. ரொட்டி விற்கலாம், சட்டி விற்கக் கூடாது என்பது போன்ற விநோதங்கள் அச்சட்டங்களில் நிறைய இருந்தன. நியூ ஜேர்சி மாநிலத்தின் பேர்கன் மாவட்டத்தில் புடவை, தளபாடக் கடைகள் இன்றும் ஞாயிறுகளில் மூடப்படுகின்றன. அந்நாளில் கடைத்தெருவின் பெரிய நாள் சனிக்கிழமை மாலை. தோட்டக்காரர்கள் குடும்பத்தோடு பட்டினத்துக்கு வந்து, சாமான் வாங்கி, தலைமயிர் வெட்டி, இரவு ஒன்பது மணிவரை தெருவில் நின்று கதைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

கேள்வி (கொக்குவில்): இவ்வளவு கலகலப்பாக இருந்த கடைத்தெருக்கள் ஏன் அழிந்தன? பெரிய கடைகளின் பேராசை தவிர வேறு காரணம் உண்டா?

பதில்: உண்டு. பேராசை எக்காலத்திலும் இருந்தது. புதிதாக வந்தவை காரும், பெருந்தெருவும், வரிச்சட்டமும்.

குதிரைவண்டிக்காகப் போட்ட தெருவில் கார் நிறுத்த இடமில்லை. காசு போட்டால் கார் நிறுத்தவிடும் கருவி ஒக்லஹோமா நகரில் 1935 ஜூலையிலேயே நாட்டப்பட்டது என்றால், நெருக்கடி எவ்வளவு முற்பட்டது என்று பாருங்கள். 1956 ஜூன் 29 ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளமான பெருந்தெருக்கள் திட்டமிடப்பட்டன; செலவில் 90 வீதத்தை மத்திய அரசு ஏற்றது. அத்தெருக்கள் பட்டினத்தின் நடுவால் போகாமல் ஓரத்தால் போயின. போக்குவரத்தை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடையும் தங்குமிடமும் பெற்றோல் செட்டும் முதலில் படுத்தன. பின்பு தெருவோரத்தில் புதுக் கடைகள் எழும்பின. வரியைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. 1954 ஆம் ஆண்டின் வரிச்சட்டம், புதிதாகக் கட்டும் வியாபாரக் கட்டடங்களின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவில் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. பழைய கடையைத் திருத்துவதைவிட வெளியே வெறுங்காணியில் புதுக் கட்டடம் போடுவது காசுள்ளவருக்கு லாபமாயிற்று. 1956 ஒக்ரோபரில் மினசோட்டா மாநிலத்து ஈடைனா என்ற இடத்தில் சவுத்டேல் திறக்கப்பட்டது; முழுவதும் கூரையிட்டு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் கடைத்தொகுதி அதுவே. வெளியே கடுங்குளிர், உள்ளே எந்நாளும் ஒரே வெப்பம். பட்டினக் கடைக்காரர் இதற்கு என்ன பதில் சொல்வார்?

விலைப் பாதுகாப்பும் போயிற்று. உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற மாநிலச் சட்டங்களுக்கு 1937 இல் மத்திய அரசு இடங்கொடுத்திருந்தது. சிறு கடைக்காரரின் கவசமாக இருந்த அந்த ஏற்பாடு மெல்ல மெல்ல ஓட்டையாகி 1975 இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே 1962 என்ற ஒரே ஆண்டில் வோல்மார்ட், கேமார்ட், டார்கெட் ஆகிய மூன்று கழிவுவிலைக் கடைகளும் பிறந்துவிட்டன. வோல்மார்ட்டைத் தொடங்கிய சாம் வோல்ற்றனும் ஒரு சிறுபட்டினக் கடைக்காரரே. 1945 இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து நியூபோர்ட்டில் மலிவுவிலைக் கடை ஒன்றை எடுத்து நன்றாக நடத்தினார். குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை உறுதியில் எழுதப்படாததால், ஐந்தாண்டில் கட்டடச் சொந்தக்காரர் கடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பின்பு 1950 இல் பென்டன்வில் என்ற பட்டினத்தின் நடுச் சதுக்கத்தில் புதுக்கடை திறந்தார். கடை வாடகைக்கு எடுப்போர் உறுதியை வரிவரியாக வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வாங்கியவர்களையும் நான் விட்டுவிட மாட்டேன். ஊர்க்கடை வேண்டும் என்று கூட்டத்தில் பேசிவிட்டு, நாலு சதம் மலிவென்று வெளியே ஓடியவர்களும் அதே ஊரவர்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சம்பளம் குறைந்தவருக்கு நாலு சதம் காசுதான்.

கேள்வி (மானிப்பாய்): என் பேத்தி இண்டியானா மாநிலத்தில் படிக்கிறாள். நீங்கள் எழுதும் கடைத்தெருவை அவள் இன்று போய்ப் பார்க்கக்கூடிய இடம் ஏதும் உண்டா?

பதில்: அதே மாநிலத்திலேயே உண்டு. ஒகாயோ ஆற்றங்கரையிலுள்ள மடிசன் பட்டினத்துக்குப் போகச் சொல்லுங்கள். பழைய கடைத்தெருக்களை மீட்பதற்காக வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் தேசிய அமைப்பு ஒன்று 1977 இல் மூன்று பட்டினங்களைப் பரீட்சார்த்தமாகத் தெரிந்தெடுத்தது. இல்லினோயின் கேல்ஸ்பேர்க், தென் டகோட்டாவின் ஹொட் ஸ்பிறிங்ஸ் ஆகியவற்றோடு மடிசனும் அவற்றுள் ஒன்று. பட்டினத்துக்கு ஒரு முழுநேர முகாமையாளரை நியமித்து, கடைக்காரர்களை ஒன்றாகக் கூட்டி, பழைய முகப்புகளைத் திருத்தினார்கள். 1950களிலும் 60களிலும் புதுமைக்காகப் பல ஊர்களில் செங்கல் முகப்புக்கு மேலே தகடு அடித்து மூடியிருந்தார்கள். அந்தத் தகட்டைக் கழற்றுவதே இத்தகைய வேலைகளில் அடிக்கடி முதற்படியாக இருந்தது. பேத்திக்குத் தூரப் பயணம் செய்ய வசதியிருந்தால், கிறீன்ஸ்பரோவின் வுல்வேர்த் கட்டடத்தையும் பார்க்கலாம். அது 2010 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் குடியுரிமைப் போராட்ட நூதனசாலையாக இயங்குகிறது. மடிசனுக்குப் புகையிரதத்தில் போக முடியாது. கார் ஓட்டும் சிநேகிதி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, கடைகள் திறந்திருக்கும் சனிக்கிழமையில் போவது நல்லது.